விலகி நின்ற பிறகு தொடங்கிய பாடம்

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பருவத் தேர்வு முடிந்த வாரத்தில், மாணவர்களின் களக் குறிப்பேடுகளை வீட்டுக்கு எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒரு மாணவி எழுதியிருந்த இரண்டு வரிகளைத் தாண்டி அன்று என்னால் மேலே செல்ல முடியவில்லை. “வெள்ளிக்கிழமை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, விலையைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து பேசலாம் என்று எண்ணியிருந்தேன். வியாழக்கிழமையே மேடம் வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார்கள்” என்று அவள் எழுதியிருந்தாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த வரியிலேயே எனக்கு நன்றியும் சொல்லியிருந்தாள். ஆனால் எம்பிஏ மாணவர்களுக்குத் தலைமைப் பண்பைக் கற்பிப்பதற்காகவே சம்பளம் வாங்கும் நான், அவள் முதன்முறையாகத் தலைமை ஏற்கத் துணிந்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாகப் போய், அந்த வாய்ப்பை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அந்த வரிகளில் இருந்தது.

நடந்தது இதுதான். திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சத்துமாவு தயாரித்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுடன் எங்கள் மாணவர்கள் நால்வர் ஆறு வாரம் தங்கி வேலை செய்தார்கள். தானியத்தின் விலை, விறகு, அரவைக் கூலி, உறை, பேருந்துக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, குழுவினர் தங்கள் சொந்த உழைப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கணக்கில் எழுதுவதில்லை என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். கிலோ 180 ரூபாய்க்கு விற்கும் மாவை இனி 230 ரூபாய்க்கு விற்க வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் சொன்னார்கள். குழுவினர் மறுத்தார்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் பக்கத்துத் தெருக்காரர்கள், பிள்ளை பெற்றவர்கள், அங்கன்வாடிக்குக் குழந்தைகளை அனுப்பும் தாய்மார்கள்; அவர்களிடம் எப்படி விலையை ஏற்றிச் சொல்வது என்பது குழுவினரின் கேள்வி. பேச்சு முற்றியபோது அந்த மாணவி, “இப்படியே போனால் ஆறு மாதத்தில் குழுவை மூட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டாள். கணக்கு எழுதும் பிரதிநிதி அக்கா நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு நாட்கள் இரு தரப்பும் ஒருவரோடொருவர் பேசாமலே தானியம் புடைத்தார்கள்.

செய்தி என் காதுக்கு வந்ததும் பேருந்து ஏறிவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த கஞ்சியைக் குடித்து, அரைமணி நேரம் பேசினேன். ஊருக்குள் விற்கும் கால் கிலோப் பொட்டலம் பழைய விலைக்கு, நகரத்துக் கடைகளுக்குப் போகும் அரைக் கிலோப் பொட்டலம் புதிய விலைக்கு என்று ஒரு வழி சொன்னேன், எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஊர் திரும்பும் வழியெல்லாம் என் மனம் நிறைந்திருந்தது. ஆசிரியப் பணிக்கு வருவதற்கு முன் 9 ஆண்டுகள் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மேலாளராக இருந்தவள் நான். பிரச்சினை எங்கே எழுந்தாலும் அங்கே போய் நின்று தீர்ப்பதுதான் திறமை என்று பழகியவள். அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குள்ளும் எடுத்து வந்துவிட்டேன் என்பதைக் குறிப்பேட்டைப் படித்த அந்த மாலையில்தான் உணர்ந்தேன்.

அன்றிலிருந்து, தலைமைத்துவப் பாடத்தை எப்படி நடத்துவது என்பதைக் குறித்து நான் வைத்திருந்த எண்ணங்கள் ஏறக்குறைய முழுவதுமாக மாறியிருக்கின்றன. ஆசிரியர் தன் இடத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் மாணவருக்குத் தலைமை பழக இடம் கிடைக்கிறது என்பதே இப்போது என் நம்பிக்கை. கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த எண்ணம், செயலில் நான் அறிந்த எதையும்விடக் கடினமானது.

பாடத்திட்டத்தில் தலைமைக் கோட்பாடுகள் வரிசையாக இருக்கின்றன. பிறவிப் பண்புகளைத் தேடிய பழைய ஆய்வுகள், பிறகு ஓஹாயோ, மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் நடத்தை ஆய்வுகள், சூழலுக்கு ஏற்ற தலைமையைச் சொன்ன ஃபீட்லர், 1978 இல் உருமாற்றும் தலைமையைப் பற்றி எழுதிய ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் என்று அந்த வரிசை செல்கிறது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை; ஒரு சூழலுக்குப் பெயர் சூட்டத் தெரிந்தவருக்கு அதைப் பார்க்கவும் தெரியும். ஆனால் இரண்டு கோட்பாடுகளை வேறுபடுத்திக் காட்டுக என்னும் 16 மதிப்பெண் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், அடுத்த வாரமே தன் குழுவில் வேலை செய்யாத நண்பனிடம் அதைச் சொல்ல முடியாமல், அவனுடைய பகுதியையும் இரவோடு இரவாகத் தானே எழுதி முடித்துக் கொடுப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

இந்தக் குறையைப் போக்க மேலாண்மைக் கல்வி கண்டுபிடித்த பழைய வழி, கேஸ் முறை; அதாவது ஒரு நிறுவனம் சந்தித்த சிக்கலை எழுத்தில் கொடுத்து, அதைப் பற்றி வகுப்பில் விவாதிக்க வைப்பது. 1908 இல் தொடங்கப்பட்ட ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919 இல் தலைவராக வந்த வாலஸ் டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் தீர்ப்புகளை வைத்து விவாதித்துப் படிப்பதைப் போல, வணிகத்தையும் உண்மையான நிறுவனங்களின் சிக்கல்களை வைத்துப் படிக்க வேண்டும் என்று அவர் ஊக்குவித்தார். 1921 இல் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி எழுதப்பட்டது அங்கே முதல் கேஸாகச் சொல்லப்படுகிறது. 1961 இல் அகமதாபாத்தில் ஐஐஎம் தொடங்கப்பட்டபோது ஹார்வர்டு அதற்குத் துணை நின்றதால், அந்த முறை இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. முழுமையற்ற தகவலை வைத்துக்கொண்டு ஒரு முடிவைச் சொல்லவும், சொன்னதை எதிர்ப்பவர் முன்னால் காத்து நிற்கவும், நல்ல மறுப்பைக் கேட்டபின் மனத்தை மாற்றிக்கொள்ளவும் இதைவிட நல்ல பயிற்சி வகுப்பறைக்குள் கிடையாது என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் அதில் ஒரு குறை உண்டு. மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இதைப் பல ஆண்டுகளாகக் கடுமையாகச் சொல்லி வருகிறார். நிர்வாகத்தை ஒருபோதும் செய்து பார்த்திராத இளைஞர்கள், கண்ணால் கண்டிராத ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சில பக்கங்களைப் படித்துவிட்டு, அதன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லப் பழகுவது ஆபத்தானது என்பது அவர் வாதத்தின் சாரம். அந்தத் தீர்ப்பால் யாருடைய வேலையும் போவதில்லை, யாரும் நோட்டை மூடிவிட்டு எழுந்து போவதில்லை. அவர் வாதத்தோடு நின்றுவிடவில்லை. 1996 இல் பெங்களூரு ஐஐஎம் உட்படப் பல நாட்டுக் கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து, ஏற்கெனவே மேலாளர்களாகப் பணியாற்றுகிறவர்களுக்கு மட்டுமான ஒரு பட்டப்படிப்பைத் தொடங்கினார். வகுப்பு நேரத்தில் ஏறக்குறைய பாதியைப் பங்கேற்பவர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டுவிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. ஆசிரியர் தன் நேரத்தில் சரிபாதியைக் கொடுத்துவிடுவதைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் நான் பேசியபோது, பாடத்தை எப்படி முடிப்பது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதே.

நான் இன்னமும் கேஸ்களைப் பயன்படுத்துகிறேன். எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது, ஹார்வர்டிலேயே 1993 இல் எழுதப்பட்டு உலகெங்கும் படிக்கப்படும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கேஸ். எங்கள் மாணவர்களில் பலருடைய தாத்தாவோ பாட்டியோ அங்கே கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்பதால் வகுப்பு உடனே உயிர்பெற்றுவிடும். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைக் கொண்டே அவர் அறுவைச் சிகிச்சை செய்யப் பழகியது. பணம் கொடுக்கும் நோயாளிகளின் வருவாயிலிருந்து ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை அளித்தது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸைத் தாங்களே செய்வதற்காக 1992 இல் அரோலேப் தொடங்கி அதன் விலையை வெகுவாகக் குறைத்தது என்று மாணவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். கரும்பலகையில் நடுவில் ஒரே ஒரு பெயர் இருக்கும். மாமனிதர் ஒருவர் இருந்தார், அதனால் நடந்தது என்ற முடிவுக்கு வகுப்பு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும்.

அந்த இடத்தில் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். ஒரு நோயாளி வாசலில் நுழைந்தது முதல் கட்டுப் பிரித்து வீட்டுக்குப் போவது வரை, அவரை அதிக நேரம் தொட்டவர் யார்? சிறிது நேரம் கழித்துத்தான் பதில் வரும். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து, பார்வை சோதிப்பது முதல் அறுவை அரங்கில் அடுத்த நோயாளியைப் பக்கத்து மேசையில் ஆயத்தப்படுத்தி வைப்பது வரை பெரும்பகுதி வேலையை அந்த மருத்துவமனை அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறது. மருத்துவர் தான் மட்டுமே செய்யக்கூடிய பகுதியைச் செய்துவிட்டு அடுத்த மேசைக்குத் திரும்புகிறார். மருத்துவர் செய்தால்தான் சரியாக வரும் என்று காலங்காலமாக நம்பப்பட்ட வேலைகளை, ஊர்ப் பள்ளியில் படித்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு விலகி நிற்பதற்குத் தலைவரிடம் என்ன வேண்டியிருந்தது என்று நாங்கள் பேசத் தொடங்கும்போதுதான் வகுப்பு தலைமையைப் பற்றிய வகுப்பாகிறது. நம்பிக்கை என்று ஒருவர் சொல்வார். பயிற்சி என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் வேண்டும் என்றும், பயிற்சி கொடுக்காமல் நம்பிக்கை வைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே என்றும் ஒரு மாணவர் சொன்னதை என் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

இடம் கொடுக்காத தலைமை என்ன செய்யும் என்பதற்கு நான் எடுத்துக்கொள்வது சேலஞ்சர் விண்கல விபத்து. 1986 ஜனவரி 28 அன்று புறப்பட்ட 73 விநாடிகளில் அது சிதறியது. அதிலிருந்த 7 பேரும் இறந்தார்கள். முந்தைய நாள் மாலை நடந்த தொலைபேசிக் கூட்டத்தில், உந்துகலத்தைச் செய்த மார்ட்டன் தயகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், உந்துகலத்தின் இணைப்புகளில் வாயு கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் சரியாக அடைத்துக்கொள்ளாது என்றும், வெப்பநிலை 53 பாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால் ஏவக்கூடாது என்றும் பரிந்துரைத்தார்கள். நாசா தரப்பில் எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனத்தார் தனியே கலந்து பேசினார்கள்; அப்போது ஒரு மூத்த அதிகாரி, பொறியியல் துறைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பரிந்துரை மாறியது. மறுநாள் புறப்படும்போது வெப்பநிலை 36 பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 2 செல்சியஸ். அவர்கள் அஞ்சியபடியே வளையம் அடைத்துக்கொள்ளாமல் போனதுதான் விபத்துக்குக் காரணம்.

மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொண்டால் உண்மை தெரிந்தவரின் குரல் காதில் விழாது என்றால், அந்தத் தொப்பியை விற்கும் கடையாக எங்கள் கல்லூரிகள் இருக்கக்கூடாது என்பது எனக்கு மிகவும் முக்கியம். அதனால் இந்த வரலாற்றைச் சொல்வதற்கு முன்பே, அதை ஒரு கார்ப் பந்தய அணியின் கதையாக மாற்றி மாணவர்களிடம் கொடுத்து முடிவெடுக்கச் சொல்லும் பயிற்சியை நடத்துகிறேன். மேலாண்மைக் கல்லூரிகளில் நீண்ட காலமாக நடத்தப்படும் பயிற்சிதான் இது. பழுது ஏற்பட்ட ஓட்டங்களின் வெப்பநிலை மட்டும் அவர்களுக்குத் தரப்படும். பழுதில்லாத ஓட்டங்களின் விவரம் என் மேசை இழுப்பறையில் இருக்கும். யாராவது கேட்டால் கொடுப்பேன். சேலஞ்சருக்கு முந்தைய பயணங்களில், 65 பாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவப்பட்ட 4 பயணங்களிலும் வளையங்களில் பாதிப்பு இருந்தது. 66 பாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தபோது ஏவப்பட்ட 20 பயணங்களில் 3 இல்தான் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சிறு குழந்தைக்கும் புரியும். பாதிப்பு ஏற்பட்டவற்றை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது.

பெரும்பாலான குழுக்கள் அந்த விவரத்தைக் கேட்பதே இல்லை. கடந்த ஆண்டு ஒரு குழுவில், மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவர் “பழுதாகாத நாட்கள் எப்படி இருந்தன?” என்று கேட்டது எனக்கே கேட்டது. குழுத் தலைவர் வெள்ளைப்பலகையில் எழுதிக்கொண்டே, “இருப்பதை வைத்துப் பார்க்கலாம்” என்றார். பிற்பாடு உண்மைக் கதையைச் சொன்னதும் அந்தக் குழுத் தலைவரின் முகம் வெளிறியது. அவரை நான் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை அவர் தானாகவே அந்த மாணவரைத் தேடிப் போய்ப் பேசியதாகப் பின்னர் அறிந்தேன். இழுப்பறையைத் திறந்து நானே தாளை எடுத்துக் கொடுத்திருந்தால் அவர்கள் சரியான விடைக்கு வந்திருப்பார்கள். இந்தச் சந்திப்பு நடந்திருக்காது.

இப்படி விலகி நிற்பதை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தவர் ரொனால்ட் ஹைஃபெட்ஸ். அவர் கற்பித்தது வணிகப் பள்ளியில் அன்று, ஹார்வர்டின் கென்னடி அரசு நிர்வாகப் பள்ளியில்; ஆனால் அவருடைய முறை வணிகக் கல்விக்குள்ளும் ஆழமாக வந்துவிட்டது. மருத்துவம் படித்து மனநல மருத்துவத்தில் பயிற்சி பெற்ற இவர், செலோ வாசிப்பவரும்கூட. அவருடைய வகுப்பில், அங்கே அந்த நேரத்தில் நடந்துகொண்டிருப்பதே கேஸ் ஆகிவிடும். ஆசிரியர் வழிகாட்டுவார் என்று காத்திருக்கும் மாணவர்கள், அவர் வழிகாட்டாதபோது பதறுகிறார்கள், கோபப்படுகிறார்கள், ஒருவர் எழுந்து வகுப்பை நடத்த முயல்கிறார், மற்றவர்கள் அவரை உட்கார வைக்கிறார்கள். யார் பேசினார், யார் பேசவிடாமல் செய்யப்பட்டார், ஏன் எல்லாரும் ஒருவரையே பார்த்தோம் என்பதையெல்லாம் பிறகு எடுத்து வைத்துப் படிக்கிறார்கள்.

நிபுணர் தீர்த்து வைக்கக்கூடிய சிக்கல் வேறு, சம்பந்தப்பட்டவர்கள் தாங்களே மாறினால்தான் தீரக்கூடிய சிக்கல் வேறு என்பது அவர் செய்யும் அடிப்படையான பிரிவு. இதயத்தில் உள்ள அடைப்பை மருத்துவர் நீக்கிவிடலாம். புகைப்பதை நிறுத்த வேண்டியவர் நோயாளிதான். இரண்டாவது வகைச் சிக்கலில், வேலையை உரியவர்களிடமே திருப்பிக் கொடுப்பதுதான் தலைவரின் கடமை என்கிறார். சத்துமாவுத் திண்ணையில் நான் செய்த தவறு என்ன என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குத் தெளிவானது. விலை என்பது நிபுணர் தீர்க்கும் சிக்கலாக எனக்குத் தெரிந்தது. இரண்டு விலை என்று விடையும் சொன்னேன். ஆனால் அங்கே இருந்த சிக்கல், படித்த பிள்ளைகளுக்கும் அந்தப் பெண்களுக்கும் இடையே உடைந்துபோன மதிப்பு. அதை ஒட்டவைக்கும் வேலை அந்த மாணவியுடையது.

கூடவே ஹைஃபெட்ஸ் சொல்லும் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். விலகி நிற்பது என்றால் கைவிட்டுவிடுவது அன்று. அடுப்பில் தணல் மிகுந்தால் அடிப்பிடிக்கும், குறைந்தால் வேகாது. அருகில் நின்று தணலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஆசிரியரை விட்டு நீங்குவதே இல்லை. சில கல்லூரிகளில் மாணவர்களை ஏதோ ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்று விட்டுவிட்டு, இரண்டு மாதம் கழித்து அறிக்கையை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வதைப் பார்க்கிறேன். அங்கே யாரும் விலகி நிற்கவில்லை, யாருமே நிற்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறு நால்வர் அதே குழுவுக்குப் போனார்கள். பாதுகாப்பு, உடல்நலம், பணம் ஆகிய மூன்றில் ஏதேனும் இடர் வந்தாலன்றி நான் ஊருக்குள் வரமாட்டேன் என்றும், தினமும் இரவு 8 மணிக்குத் தொலைபேசியில் கிடைப்பேன் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரத்தில் நகரத்துக் கடை ஒன்று 40 பொட்டலங்களைத் திருப்பி அனுப்பியது. மாவில் காறல் வாடை. மாணவர்கள் கொண்டுவந்த புது உறைதான் காரணம் என்று குழுவினர் சொன்னார்கள். தானியத்தைச் சரியாக வெயிலில் காயவைக்கவில்லை என்று மாணவர்கள் சொன்னார்கள். அன்று இரவு அழைத்த மாணவர், “நீங்கள் ஒருமுறை வந்து பேசினால் போதும், மேடம்” என்றார். நாளைக் காலையில் முதலில் யாரிடம் பேசப்போகிறீர்கள் என்று கேட்டேன். மறுமுனையில் நீண்ட நேரம் பேச்சில்லை. தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் பேருந்தில் போய்விடலாமா என்று மணிக்கொரு தடவை நினைத்தேன்.

எட்டு நாட்கள் அப்படியே போயின. கடைசியில் மாணவர்கள் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, விடியற்காலை 4 மணிக்கே எழுந்து வறுப்பது முதல் பொட்டலம் கட்டுவது வரை அவர்களோடு சேர்ந்து செய்தார்கள். அரைத்த மாவு சூடு ஆறுவதற்கு முன்பே உறையில் அடைக்கப்படுவதும், உள்ளே ஈரம் கட்டிக்கொள்வதும் அப்போதுதான் தெரிந்தது. கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த பிறகு வந்த அவசரம் அது. குழுவில் வயதில் மிக இளையவரான ஒரு பெண், இது தனக்கு முதலிலேயே தெரியும் என்றும், தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாராம். மாணவர்கள் இதை என்னிடம் சொன்னபோது, கார்ப் பந்தய வகுப்பை அவர்களே நினைவுபடுத்திக்கொண்டார்கள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதை வெற்றிக் கதையாகச் சொல்ல நான் விரும்பவில்லை. அந்தக் கடை திரும்ப வரவில்லை. குழுவுக்கு 40 பொட்டலங்களின் பணம் நட்டம்; நான் முதல் நாளே போயிருந்தால் ஒருவேளை கடைக்காரரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். மாணவர் பழகுவதற்காக ஏழைப் பெண்கள் விலை கொடுக்கலாமா என்ற கேள்வி என்னை வெகுவாக வருத்தியது. அதன் விளைவாக, களப்பணியில் மாணவர்களின் ஆலோசனையால் குழுவுக்கு ஏற்படும் இழப்பைக் கல்லூரியே ஈடுசெய்யும் வகையில் ஒரு சிறு நிதியைக் கேட்டு வாங்கி வைத்தோம். மாணவருக்கு இடம் விடுகிறவர், அந்த இடத்தில் நிற்கும் பிறருக்கும் பொறுப்பாளி. இதை எந்தப் பயிற்சி முகாமிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாணவர்களுக்கு இடம் விடுவதைப் பற்றிப் பேசும் கல்வி நிறுவனம், தன் உள்ளே எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் நம்முடைய விரிவுரையைவிட, நம் கல்லூரியில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். இந்த இடத்தில் நான் மீண்டும் மீண்டும் நினைப்பது அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் முழுநேர இயக்குநரான ரவி மத்தாயை. தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் கௌரவப் பொறுப்பில் நடத்திவந்த அந்த நிறுவனத்துக்கு 1965 இல் மத்தாய் இயக்குநராக வந்தபோது அவருக்கு வயது 38. விடுதலை பெற்ற இந்தியாவின் இரண்டாவது நிதியமைச்சர் ஜான் மத்தாயின் மகன். தொழில் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டுக் கல்வித்துறைக்கு வந்தவர். முனைவர் பட்டம் பெறாதவர். பாடத்தையும் ஆய்வையும் சேர்க்கையையும் பற்றிய முடிவுகளை ஆசிரியர்களே கூடிப் பேசி எடுக்க வேண்டும் என்ற மரபை அவர் அங்கே ஊன்றினார்.

1972 இல், யாரும் கேட்காமலே, அவர் இயக்குநர் பதவியிலிருந்து இறங்கினார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அதற்குப் பிறகு அவர் செய்தது. வேறு பெரிய பதவி தேடிப் போகாமல், அதே நிறுவனத்தில், தான் இயக்கிய அதே வளாகத்தில், ஒரு பேராசிரியராகத் தொடர்ந்தார். நம் ஊரில் துறைத் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்டவர் மறுநாள் ஆசிரியர் அறைக்கு வரவே கூசுவதைப் பார்த்திருக்கிறேன். பதவி என்பது ஒரு காலத்துக்கு ஏற்றுச் செய்யும் பணி, அது உயர்ந்த படிக்கட்டு அன்று என்பதை ஆயிரம் விரிவுரையாலும் சொல்லிவிட முடியாது. 45 வயதில், முழு மதிப்போடு இருந்தபோது, அவர் எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஆண்டுகளில் அங்கே படித்த மாணவர்களுக்குத் தலைமையைப் பற்றி அதைவிடத் தெளிவான வகுப்பு நடந்திருக்காது.

பின்னர் 1975 இல், ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் வறட்சி மிகுந்த ஜவாஜா பகுதிக்கு அவர் தம் சக ஆசிரியர்கள் சிலருடன் போனார். பெரிய நிறுவனங்களுக்கு என்று வளர்ந்த மேலாண்மை அறிவு, நிலமும் நீரும் இல்லாத மக்களுக்குப் பயன்படுமா என்பது அவர் கேள்வி. அங்கிருந்த நெசவாளர்களும் தோல் தொழிலாளர்களும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் துணையுடன் புதிய பொருட்களைச் செய்யவும், தாங்களே கணக்குப் பார்க்கவும், தாங்களே சந்தையோடு பேசவும் கற்றார்கள். உதவ வந்தவர்கள் படிப்படியாக விலகிவிட வேண்டும், மக்கள் அவர்களைச் சார்ந்திராமல் நிற்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே அந்த முயற்சியின் நோக்கமாக இருந்தது. 1984 இல் மத்தாய் மறைந்த பிறகும் அந்தக் கைவினைஞர்களின் கூட்டமைப்பு தொடர்ந்து இயங்கியது. ஜவாஜாவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்குத் திண்ணையும் கஞ்சியும் நினைவுக்கு வந்தன. எப்போது போவது என்பதைத் திட்டமிட்ட எனக்கு, எப்போது வராமலிருப்பது என்பதைத் திட்டமிடத் தோன்றவில்லை.

மதிப்பெண் என்ற தொல்லை மட்டும் இன்னும் தீரவில்லை. விலகி நின்று பார்த்ததற்கு எப்படி மதிப்பெண் போடுவது? இப்போதைக்குக் குறிப்பேட்டுக்குப் பாதியும், களத்தில் உடன் வேலை செய்தவர்கள் சொல்லும் சொல்லுக்குக் கால்பங்கும், எஞ்சியதைக் குழு உறுப்பினர்கள் ஒருவர் மற்றவருக்கு எழுதும் கடிதத்துக்கும் வைத்திருக்கிறேன். கடிதத்தில் எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்து எழுதிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். நீங்கள் பேசாமல் விட்ட ஒரு தருணத்தைப் பற்றி எழுதுக என்று கேள்வியை மாற்றிய பிறகு நிலைமை ஓரளவு மேம்பட்டிருக்கிறது. பிளேஸ்மென்ட்டுக்கு வரும் நிறுவனங்களோ தலைமைப் பண்புக்கு அடையாளமாக மாணவர் வகித்த பதவிகளின் பட்டியலைத்தான் கேட்கின்றன. அந்தப் பட்டியலில், மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு இடமில்லை.

இந்தப் பருவத்துக்கான பாடத் திட்டத்தில் 30 வகுப்புகளில் மூன்றைக் காலியாக விட்டுக் கொடுத்தேன். தலைப்பு இல்லாத வகுப்பைக் கணினி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். “மாணவர் தீர்மானம்” என்று எழுதிக் கொடுத்தேன். முதல் வகுப்பில் அவர்கள் அரைமணி நேரம் வாதிட்டு எதையும் முடிவு செய்யாமல் கலைந்தார்கள். இரண்டாவது வகுப்புக்கு, எனக்குத் தெரியாமலே ஏற்பாடு செய்து, சத்துமாவுக் குழுவின் பிரதிநிதி அக்காவை அழைத்து வந்திருந்தார்கள். அவர் மேடையில் நிற்க மறுத்து, மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து விரித்தார். உழைப்புக் கூலி என்று இப்போது ஒரு பத்தி அதில் இருக்கிறது. அதில் எழுதியிருக்கும் தொகை சரிதானா என்று அவர் மாணவர்களைக் கேட்டார். மாணவர்களுக்குள் கருத்து வேறுபட்டது. மணி அடித்த பிறகும் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவோரக் கடைசிப் பெஞ்சில் இருந்தேன்.

மூன்றாவது வகுப்பில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.